லஞ்சம் வாங்காத ஜோகாராவ்

ஜோகாராவ் லஞ்சம் வாங்கமாட்டார். விசாகப்பட்டினத்து மதுரவாடாவில் எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை எடுத்திருந்த சப்-கான்ட்ராக்டர்கள் அத்தனை பேருக்கும் இருந்த பெரிய குறை அதுதான். வாங்குகிறவனுக்கு ஒரு விலை இருக்கும். விலை தெரிந்துவிட்டால் வட்டிக்கு வாங்கியாவது கொடுத்துவிடலாம். வாங்காதவனை என்ன செய்வது? பெயின்ட் வேலை எடுத்திருந்த மஸ்தான் வலி சிம்மாசலம் மலைக்கே போய் வேண்டிக்கொண்டதாகச் சொல்வான்.

"நான் நமாஸ் பண்றவன். இருந்தாலும் அப்பன்னசாமி முன்னாடி போய் நின்னேன். சாமி, இந்த மனுசனுக்கு ஒரு கடனக் குடு, ஒரு சூதாட்டத்தக் குடு, எப்படியாவது கை நீட்டட்டும்னு கேட்டேன். சாமியும் 'ஒரு பேப்பர் குறையுது, நாளைக்கு வா'ன்னுடுச்சு."

கம்பெனியில் ஜோகாராவுக்கு பில் பிரிவு. சப்-கான்ட்ராக்டர் மாதம் முழுக்கச் செய்த வேலையை என்ஜினியர் அளந்து எழுதிக் கொடுப்பார். அந்த பில்லோடு தொழிலாளர்களுக்கு பி.எஃப். கட்டிய ரசீது, ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீது, ஆள் வருகைப் பதிவேடு, கைநாட்டு வைத்த கூலிப் பட்டியல், லேபர் லைசென்ஸ் எல்லாம் சேர்ந்து ஜோகாராவின் மேசைக்கு வரவேண்டும். அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்புவார். எல்லாம் இருந்தால் மூலையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைப்பார். அதற்குப் பிறகுதான் செக். அவர் ஒருநாளும் யாரிடமும் தரமாட்டேன் என்று சொன்னதில்லை. "எல்லாம் அம்சமா இருக்கு. ஒரு பேப்பர் மட்டும் குறையுது" என்பார். அரிசியில் கல் பொறுக்குகிறவர்களுக்குக் கல் அகப்பட்டதும் ஒரு சந்தோஷம் வருமே, அது அவர் முகத்தில் வரும்.

அவருடைய அலுவலகம் கட்டடத்தின் காலடியில் கிடந்த ஒரு கன்டெய்னர். உள்ளே ஏ.சி. ஓடும். கட்டடத்தைப் பார்த்த ஜன்னலில் வெயிலுக்காக ஒரு காலண்டரை மாட்டிவைத்திருந்தார். அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து அவர் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை; சிமென்ட் தூசி ஷூவைக் கெடுத்துவிடும். வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவருவார். யாராவது வாங்கிக் கொடுத்துவிட்டால்? "தப்பான பேப்பர்ல என் கையெழுத்து இன்னைவரைக்கும் விழுந்ததில்ல" என்று மனைவி சத்யவதியிடம் சொல்லிக்கொண்டே பெசரட்டைப் பிட்டு வாயில் போடுவார். அந்த வாக்கியத்தை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறாள். அவருக்குச் சட்னி போதுமா என்று கேட்பதோடு அவள் நிறுத்திக்கொள்வாள்.

விஜயநகரம் பக்கத்தில் ஒரு ஜூட் மில்லின் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா மில்லில் மூட்டை தூக்கினார். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டு, மையைத் தலையில் தடவிக்கொண்டு வீட்டுக்கு வருவார். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஜோகாராவ். வாடகைக் கவுன் மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோ இன்னும் ஹாலில் இருக்கிறது. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்தவர் கைநாட்டுக்காரர்களைப் புரிந்துகொள்வார் என்று நினைப்போம். ஏன் அப்படி நினைக்கிறோம் என்று தெரியவில்லை. ஜோகாராவ் அவர்களைப் பார்த்தால் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். கூலிப் பட்டியலில் மை சிதறியிருந்தால் பட்டியலையே திருப்பி அனுப்புவார். படிப்பு அந்த மனிதரை மில் லைனிலிருந்து கன்டெய்னர் வரை கொண்டுவந்து விட்டிருந்தது. அதற்கு மேல் அது அவரை எங்கும் கூட்டிப்போகவில்லை, அவரும் கேட்கவில்லை.

இனி அந்தப் பேப்பர்களின் கதை. ரசீது இல்லாமல் பில் பாஸ் ஆகாது. பில் பாஸ் ஆகாமல் காசு வராது. காசு வராமல் பி.எஃப். கட்ட முடியாது. கட்டாமல் ரசீது வராது. இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றிக் களைத்த மேஸ்திரிகள், கடைசியில் கேட்டுக்கு எதிரே இருந்த சூரிபாபுவின் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சூரிபாபு ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பான், கல்யாணப் பத்திரிகை அடிப்பான், ரசீதும் அடிப்பான். எவனோ ஒழுங்காகக் கட்டிய ரசீதை எடுத்து, பேர்களை மட்டும் மாற்றி, அசல் மாதிரியே கொடுத்துவிடுவான்.

அவனுடைய நிரந்தர வாடிக்கைக்காரன் அப்பலசாமி. ஸ்ரீகாகுளம் பக்கத்து ஆள். சாரம் கட்டுகிற மேஸ்திரி. தன் கிராமத்து வாக்காளர் பட்டியலைக் கொடுத்து அதிலிருந்தே பேர்களை ஏற்றச் சொல்லியிருந்தான். உயிரோடிருக்கிறவர்கள், செத்தவர்கள், படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழவிகள் எல்லோரும் மதுரவாடாவில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பி.எஃப். என்று சொல்லி நிஜ ஆட்களின் கூலியிலும் அப்பலசாமி மாதாமாதம் பிடித்தான், கம்பெனியிடமும் வாங்கினான். சூரிபாபுவுக்குக் கொடுத்தது போக மிச்சம் அவன் மடியில். ஆகவே அவனையும் யாரும் கும்பிட வேண்டியதில்லை.

ஜோகாராவுக்கு அப்பலசாமியைப் பிடிக்கும். மற்ற மேஸ்திரிகளிடம் அவனுடைய கோப்பை எடுத்துக் காட்டுவார். "பாருங்கய்யா. எழுதப் படிக்கத் தெரியாதவன். பேப்பர் எப்படி வெச்சிருக்கான் பாருங்க."

அப்படிப்பட்ட அப்பலசாமியின் கோப்பிலேயே ஒருமாதம் ஜோகாராவுக்குக் கல் அகப்பட்டது.

"ஏம்ப்பா அப்பலசாமி, எல்லாம் இருக்கு. லைசென்ஸ் புதுப்பிச்ச காப்பி மட்டும் இல்லியே."

"எழுதிப் போட்டாச்சு பாபு. இதோ ரசீது."

"எழுதிப் போட்ட ரசீது லைசென்ஸ் ஆயிடுமா? பொண்ணு பாத்துட்டு வந்தா பொண்டாட்டி ஆயிடுவாளா?"

தன் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மஸ்தான் வலி சும்மா இருக்கவில்லை. "பாபுகாரு பொண்ணு பாக்கப் போனப்பவே மாமனார்கிட்ட ரெண்டு காப்பி கேட்டிருப்பாரு."

"உன் பில்லும் இந்தக் கட்டுலதான் இருக்கு மஸ்தான்."

மஸ்தானின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பாபு, கிளாம்ப் வாடகைக்காரன் கேட்டுல நிக்கிறான்" என்றான் அப்பலசாமி. "வாடகை குடுக்கலைன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேங்கறான். மேல ஆளுங்க நிக்கிறாங்க பாபு. பைப்பப் பைப்போட புடிச்சு நிறுத்தறதே அந்தக் கிளாம்ப்புதான்."

"கிளாம்ப் என் டிபார்ட்மென்ட் இல்லப்பா" என்று ஜோகாராவ் பிளாஸ்கைத் திறந்தார்.

வாடகைக்காரன் பாதிக் கிளாம்ப்பைக் கழற்றிக்கொண்டு போனான். அப்பலசாமி அந்த இடங்களில் கயிற்றைக் கட்டச் சொன்னான். சைட் என்ஜினியர் கிஷோர் அண்ணாந்து பார்த்தான். வேலை நிற்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாம் மாடி உயரத்தில் பைடிராஜு, எப்போதும் போல, பெல்ட்டின் கொக்கியைப் பைப்பில் மாட்டினான். கயிறு நழுவியது. பைப்பும் பெல்ட்டும் பைடிராஜுவும் ஒன்றாகவே கீழே வந்தார்கள்.

உயிர் போகவில்லை. இடுப்பு நொறுங்கியது. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே வலிக்கு ஊசி போட்டுவிட்டு, ஆபரேஷன் செய்தால் நடப்பான், இல்லாவிட்டால் நடக்கமாட்டான், முன்பணம் இவ்வளவு என்றார்கள். பைடிராஜு அப்பலசாமியின் தங்கை ரவணம்மாவின் புருஷன். அவளும் அதே சைட்டில் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி சொன்ன தொகையைக் கேட்டு அவள் அழவில்லை. தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று இன்னொருமுறை கேட்டாள்.

அவன் ஈ.எஸ்.ஐ.யில் பதிந்த ஆளாக இருந்தால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம். படுக்கையில் இருக்கும் நாளுக்கும் காசு வரும். அவன் பேரோ எந்த ரசீதிலும் இல்லை. இதற்குத் தொழிலில் பழகிப்போன ஒரு வழி உண்டு. புதிதாகச் சேர்ந்தவனைப் பதியச் சட்டம் சில நாள் தவணை தருகிறது. அதனால் கட்டடத்திலிருந்து எவன் விழுந்தாலும் அவன் அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பான். விசாகப்பட்டினத்தில் பழைய ஆள் எவனும் விழுந்ததாகப் பதிவே கிடையாது. விழுகிறவன் எல்லாம் முதல் நாள்காரன்.

ஜோகாராவ் விபத்து அறிக்கையை எடுத்தார். நிமிராமலே கேட்டார். "சேர்ந்த தேதி?"

"இன்னைக்குத்தான் பாபு" என்றான் அப்பலசாமி.

"இன்னைக்குத்தான் சார்" என்றான் கிஷோர்.

ஜோகாராவ் எழுதிக்கொண்டார். சொன்னதை எழுதுவது பொய்யாகாது என்பது அவர் கட்சி. கையெழுத்துப் போடுவதற்குள் போன் வந்தது: லேபர் ஆபீசர் நாளைக்கு நேரில் வருகிறாராம்.

ஹேமவதி என்று பேர். கூட டிரைவரைத் தவிர யாருமில்லாமல் வந்து இறங்கினார். காலையிலேயே கிஷோர் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தான்: பைடிராஜு நேற்றுத்தான் சேர்ந்தான். ஆட்கள் பயத்தில் பாடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டார்கள்.

"விழுந்தவரு எப்ப வேலைக்கு வந்தாரு?"

"நேத்துதான் மேடம்."

"நீ எப்ப வந்த?"

"நானும் நேத்துதான் மேடம்."

"நீங்கம்மா?"

"நேத்து."

வரிசை முழுக்க நேற்றே சேர்ந்திருந்தது. ஹேமவதி கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இத்தன மாடியையும் நேத்து ஒரே நாள்ல கட்டிட்டீங்களா?"

கூட்டத்தில் ஒரு நரைமீசை சொன்னது: "நாங்க கொஞ்சம் சுறுசுறுப்பு மேடம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கேட்டுப் பக்கம் நடந்தார். ஜோகாராவ் ஷூவைப் பார்த்துப் பார்த்து வைத்துப் பின்னால் போனார். கேட்டில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். கடன் கொடுத்த வங்கி பாதுகாப்பு வாரம் நடத்தச் சொல்லியிருந்தது. அதற்காகப் போன மாதம் வைத்தது. மஞ்சள் ஹெல்மெட்டும் பெல்ட்டுமாகப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான் ஒருவன். கீழே கொட்டை எழுத்தில்: 'இரண்டு ஆண்டுகளாக விபத்தின்றிப் பணிபுரியும் நமது சிறந்த தொழிலாளி பைடிராஜு.' அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தவர் ஜோகாராவ்.

"பக்கத்துல நிக்கிறது நீங்கதானே, ஜோகாராவ் காரு?"

ஜோகாராவ் பேனரைப் படித்தார். சூரிபாபு முதலில் எழுத்துப்பிழையோடு அடித்திருந்தான். அதைத் திருப்பி அனுப்பி, திருத்தி, மறுபடி அடிக்கச் சொன்னவர் அவர்தான். இப்போது ஒரு பிழையும் இல்லை.

"இத நான் வாங்கிக்க மாட்டேன்" என்று ஹேமவதி, ஜோகாராவ் நீட்டிய விபத்து அறிக்கையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "சனிக்கிழமைக்குள்ள சரியா எழுதி அனுப்புங்க. இவரு உங்க தொழிலாளி, இன்ன வருஷத்திலேர்ந்து வேலை செய்யறாரு, இன்ன மேஸ்திரி. கீழ உங்க கையெழுத்து. அது போதும், அன்னைக்கே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம். கட்டாத காச உங்க கம்பெனிகிட்ட வட்டியோட வாங்கிக்குவாங்க. அது வேற கணக்கு. அந்த மனுசன் இடுப்பு அதுக்காகக் காத்துட்டிருக்க முடியாது."

அவர் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனதும் எம்.டி.யின் போன் வந்தது. கிஷோர் முந்திக்கொண்டு சொல்லியிருந்தான்.

"ஜோகா, அவன் நம்ம ஆளே இல்லன்னு எழுது. மேஸ்திரிக்கு மச்சான்தானே? மச்சானப் பாக்க வந்தான், மேல ஏறினான், விழுந்தான். விருந்தாளி."

"சார், பேனர்..."

"பேனரைக் கழட்டு."

"அது பொய்ப் பேப்பர் ஆயிடும் சார். நான் இதுவரைக்கும்..."

"சரிப்பா, உண்மைய எழுது. ரெண்டு வருஷமா வந்ததெல்லாம் டூப்ளிகேட் ரசீதுன்னு எழுது. அதுல எல்லாம் 'சரிபார்க்கப்பட்டது'ன்னு கையெழுத்துப் போட்டது யாருன்னும் சேத்து எழுது." போனை வைத்துவிட்டார்.

ஜோகாராவ் அப்பலசாமியின் பழைய கோப்புகளை அலமாரியிலிருந்து இறக்கினார். இதுவரை அவர் தேதியைப் பார்த்திருக்கிறார், முத்திரையைப் பார்த்திருக்கிறார், கூட்டுத்தொகையைப் பார்த்திருக்கிறார். பேர்களைப் படித்ததில்லை. அன்று படித்தார். சாரம் கட்டுகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். சீதம்மா என்று ஒருத்தி. பிறந்த வருஷத்தைப் பார்த்தால் அவருடைய அப்பாவைவிடப் பெரியவள். பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம், வால் வளைந்து, அழகாக. கோப்பை மூடினார். இந்த வேலையில் இருந்த வருஷங்களில் தான் என்னதான் பார்த்தோம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தால் அதையும் கோப்போடு சேர்த்து மூடிவிட்டார்.

மறுநாள் அப்பலசாமியும் ரவணம்மாவும் கன்டெய்னருக்கு வந்தார்கள். ரவணம்மா பெஞ்சில் உட்காரவில்லை.

"உண்மையவே எழுதிடுங்க பாபு" என்றான் அப்பலசாமி. "அப்பலசாமி டூப்ளிகேட் ரசீது குடுத்து ஏமாத்திட்டான்னு எழுதுங்க. நான் ஒத்துக்கறேன். ஜெயில்னாலும் போறேன்."

"நீ ஏமாத்தினதச் சுலபமா எழுதிடலாம்ப்பா. நான் ஏமாந்தேன்னு எழுதணுமே."

"ஏமாந்ததுல என்ன பாபு வெக்கம்?" என்றாள் ரவணம்மா. "நான் இவன் கூடப் பொறந்தே ஏமாந்திருக்கேன். மாசாமாசம் பி.எஃப்.னு சொல்லி என் புருஷன் கூலியில புடிச்சான். அது கவர்மென்ட்டுக்குப் போகுதுன்னு நெனச்சேன். இவன் பொண்டாட்டி காதுக்குப் போயிருக்கு."

"ஏய், அதெல்லாம் இங்க எதுக்கு?"

"வேற எங்க பேசறது? இது கணக்கு ஆபீஸ்தான? கணக்குதான் பேசறேன்." அவள் ஜோகாராவ் பக்கம் திரும்பினாள். "அவருகூட நின்னு போட்டோ புடிச்சீங்களே பாபு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'கை எவ்வளவு மெத்துனு இருந்துச்சு தெரியுமாடி'ன்னாரு. அந்த மெத்துக் கையால ஒரு கையெழுத்துப் போடுங்க. அவரு நடப்பாரு. இல்லாட்டி எடுத்துட்டுப் போய்ப் படுக்க வெச்சு நான் சோறூட்டணும். அவ்வளவுதான் விஷயம்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. அவ்வளவுதான் விஷயம். ஜோகாராவ் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"யோசிக்கணும்மா. சனிக்கிழமைவரைக்கும் டைம் இருக்கு. கம்பெனி விஷயம். எடுத்தோம் கவுத்தோம்னு... ஒரு..."

"பேப்பர் குறையுதா பாபு?" என்றாள் ரவணம்மா. அண்ணனை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜோகாராவ் யோசித்தார். பொய்யை எழுதினால் தான் ஜோகாராவ் இல்லை. உண்மையை எழுதினால், இதுவரை ஜோகாராவாக இருந்ததற்கு அர்த்தமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு மூன்றாவது வழி அகப்பட்டது; கோழைகளுக்கு அது எப்போதும் அகப்படும். அவர் லீவு எழுதினார். குடும்பத்தோடு அன்னவரம் சத்யதேவர் சன்னிதியில் சத்யநாராயண விரதம் என்று காரணம் போட்டு, முறைப்படி அனுமதி வாங்கி, வெள்ளிக்கிழமையே மனைவியோடு பஸ் ஏறிவிட்டார்.

"என்ன திடீர்னு?" என்று சத்யவதி கேட்டாள்.

"மனசு சரியில்ல."

சனிக்கிழமை காலை, மலைமேல் மண்டபத்தில், வரிசையாக உட்கார்ந்திருந்த தம்பதிகளுக்கு நடுவில் அவரும் ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். புரோகிதர் ஒவ்வொரு குடும்பமாகப் பேர், கோத்திரம் கேட்டுக்கொண்டு வந்தார். ஜோகாராவ் தன் பேர், மனைவி பேர், குண்டூரில் படிக்கிற மகள் பேர் சொன்னார். பிறகு விரதக் கதை கேட்டார். சத்தியத்தை மறைத்த வியாபாரியின் படகுச் சரக்கெல்லாம் இலையும் தழையுமாகிப் போன இடத்தில் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். கைபேசி அணைந்திருந்தது. சாமி முன்னால் போன் அடித்தால் அபசாரம்.

அதே சனிக்கிழமை அப்பலசாமி கன்டெய்னர் வாசலில் நின்றான். பூட்டியிருந்தது. மதியம்வரை நின்றான். கேட்டில் பேனர் இல்லை. காவல்காரன் கழற்றிக் குப்பையில் எறிந்திருந்தான். ஆனால் சைட்டில் ஃபிளெக்ஸ் எதுவும் குப்பையாவதில்லை. ரவணம்மா அதை எடுத்துப்போய்த் தன் தகரக் கொட்டகையின் ஒழுகலுக்கு மேலே போட்டிருந்தாள். அவளே ஏறி அதை உருவிச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் ஷேர் ஆட்டோ பிடித்து லேபர் ஆபீசுக்குப் போனார்கள்.

அங்கே அப்பலசாமி எல்லாவற்றையும் சொன்னான். ரசீது எங்கே அடித்தது, கூலியில் எவ்வளவு பிடித்தது, கிளாம்ப் ஏன் போனது, கயிறு யார் கட்டச் சொன்னது. ஹேமவதி எழுதி வாங்கிக்கொண்டார். தரையில் பேனரை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

"இதுல உனக்கு லைசென்ஸ் போயிடும். கேசும் வரும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் சொல்ற?"

அப்பலசாமி தங்கையைப் பார்த்தான். "சங்கராந்திக்கு ஊருக்குப் போகணும் மேடம். இவ எனக்கு முன்னாடி பஸ் ஏறிடுவா."

அவனிடம் திடீரென்று தர்மம் முளைத்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. ஊருக்குள் தலைகாட்ட வேண்டும் என்கிற பயம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு அவன் விலை கொடுத்தான். அன்று மாலையே பைடிராஜுவை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. நடப்பான் என்றார்கள், சாரத்தில் மட்டும் இனி ஏற முடியாது.

செவ்வாய்க்கிழமை ஜோகாராவ், இலையில் கட்டிய அன்னவரம் பிரசாதப் பொட்டலங்களோடு அலுவலகம் வந்தார். எம்.டி. நேரிலேயே வந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் சிரிப்பு.

"அட, நீ பலே ஆளுப்பா ஜோகா! சரியான நேரத்துல நழுவிட்ட. மேஸ்திரி தானாப் போய்த் தன் தலையில தானே மண்ணப் போட்டுக்கிட்டான். இப்ப நாமதான் ஏமாந்தவங்க. வக்கீலும் சொல்லிட்டாரு: உன் வேலை பேப்பரைப் பாக்கறது, நீ பேப்பரைப் பாத்திருக்க. ஏதோ அபராதம் வரும், கட்டிடலாம்."

ஜோகாராவ் பிரசாதத்தை நீட்டினார். எம்.டி. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். "சாமிதான் காப்பாத்துச்சு" என்றார். ஜோகாராவுக்கும் அதில் சந்தேகம் இல்லை. சத்யதேவர் தமக்காகவே இறங்கிவந்து அப்பலசாமியை லேபர் ஆபீசுக்குத் தள்ளிக்கொண்டு போனதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார். நம்பிய கையோடு அப்பலசாமியைக் கம்பெனியிலிருந்து நீக்கிக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு பில்லிலும் பிடித்து வைத்திருந்த டெபாசிட், ஒப்பந்தத்தின் இன்ன விதிப்படி திருப்பித் தரப்படமாட்டாது என்று சேர்த்தார். ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஆள் வைத்து அன்றைக்கே கொடுத்தனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம், மனசு நிறைவாக இருந்ததால், மீதிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பைடிராஜு கட்டிலில் கிடந்தான். ரவணம்மா தரையில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பைடிராஜு எழ முயன்றான். அவள் ஒரு கையால் அவனை அழுத்தினாள்.

"வாங்க பாபு. சனிக்கிழமை எங்கண்ணன் உங்க வாசல்ல நின்னான். காணோமே?"

"அன்னவரம் போயிருந்தேம்மா." பொட்டலத்தை நீட்டினார். "உங்க வீட்டுக்காரருக்காகத்தான் விரதம் பண்ணினேன்."

பைடிராஜுவின் கண் கலங்கிவிட்டது. படுத்தபடியே கைகூப்பினான். ரவணம்மா எலுமிச்சை மூடியைக் கீழே வைத்தாள்.

"இவரு பேரச் சொன்னீங்களா பாபு?"

"என்னம்மா?"

"விரதத்துல உக்காரும்போது பேரு கேப்பாங்கள்ல. இவரு பேரச் சொன்னீங்களான்னு கேக்கறேன்."

இல்லை என்று சொன்னால் போதும். அதற்கு முத்திரை வேண்டாம், காப்பி வேண்டாம், எம்.டி.யின் அனுமதி வேண்டாம். அவள் கட்டாயம் திட்டியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். ஜோகாராவ் கட்டிலைப் பார்த்தார், கூப்பிய கைகளைப் பார்த்தார்.

"சொன்னேம்மா. மொதல்ல அவரு பேரத்தான் சொன்னேன்."

எந்தக் கையெழுத்தும் இல்லாமல், கையில் சத்யதேவரின் பிரசாதத்தோடு, பொய் வழவழவென்று வந்துவிட்டது. ரவணம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். புருஷன் வாயில் ஒரு சிட்டிகை வைத்தாள். மீதியைப் பக்கத்துக் கட்டில் கிழவியிடம் கொடுத்துவிட்டு மறுபடி எலுமிச்சையை எடுத்துக்கொண்டாள். "நல்லா இருங்க பாபு" என்றாள், தலை நிமிராமல்.

படியிறங்கும்போது ஜோகாராவின் மனசு லேசாக இருந்தது. வெட்கப்படவேண்டிய இடம் அதுதான். அவருக்கு அது தெரியவில்லை. கீழே மரத்தடியில் அப்பலசாமி சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தான். பழக்கதோஷத்தில் எழுந்து நின்றான்.

"என்னப்பா, எப்படி இருக்க?" என்றார் ஜோகாராவ், தாராளமாக. "உன் டெபாசிட் விஷயம் என் மனசுல இருக்கு. எம்.டி.கிட்டப் பேசிட்டிருக்கேன். ஏதாவது பண்ணலாம்." இந்தப் பொய்க்கு முந்தின பொய் அளவுகூட மூச்சு வாங்கவில்லை.

"எதுக்கு பாபு உங்களுக்குச் சிரமம்" என்றான் அப்பலசாமி. "லெட்டர் நேத்தே வந்துடுச்சு. எம் பொண்ணு படிச்சுக் காட்டினா. கீழ உங்க கையெழுத்துதான்."

ஜோகாராவ் ஷூவைப் பார்த்தார். ஆஸ்பத்திரிப் புழுதி ஏறியிருந்தது. ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்று கேட்டார்.

அப்பலசாமி கையைக் காட்டினான்.